நீங்க பாக்காததா அண்ணாச்சி

எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு லேப்டாப்பைக் கையில் எடுத்ததும் முதலில் செய்வது, அதன் மூடியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்ப்பதுதான். மூடியோடு அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினால் கீல் இறுக்கம் என்று பொருள். இறுக்கமான கீல் இரண்டு வருஷத்தில் மூலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மூடி மட்டும் லேசாக எழும்பினால் கீல் தளர்வு. தளர்ந்த கீல் மூன்று வருஷத்தில் திரையைப் பின்பக்கமாக மல்லாத்திவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கீல் கிடையாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"அதத்தான் வே தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அந்தத் தேடலைப் பல வருஷங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. வீட்டிலும் அதையேதான் செய்தார். நீள நோட்டு ஒன்றை எடுத்து, அடிக்கோலே இல்லாமல் பென்சிலால் பிசிறில்லாத கோடுகள் இழுத்துக் கட்டம் போடுவார். மேலே வரிசையாக மாடல்களின் பெயர்கள். கீழே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறை. விசிறிச் சத்தம், வெயிலில் மங்கும் திரை, பிரிக்க முடியாதபடி பலகையோடு பற்றவைத்த மெமரி, சார்ஜர் செருகும் ஓட்டையின் ஆட்டம். நிறைகளுக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது. நிறையை விற்கிறவன் சொல்லிக்கொள்வான், குறையைச் சொல்லத்தான் ஆள் இல்லை என்பது அவர் கட்சி.

தெருவில் யார் வீட்டில் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாலும், மே மாதம் பிறந்துவிட்டால் அண்ணாச்சியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். கடைப் பையன்களிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று.

"இது எதுல சாகும் தம்பி?"

"சாகாது சார். ஒரு வருஷம் வாரண்டி இருக்கு."

"அப்ப ஒரு வருஷம் கழிச்சுச் சாகும்" என்று சொல்லிக் குறித்துக்கொள்வார்.

கேலியாகச் சொல்ல மாட்டார். முகத்தில் ஒரு டாக்டரின் வருத்தம் இருக்கும். கூட்டிக்கொண்டு போனவர்கள் அவர் சொன்ன குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் அவர் இல்லாமல் போய், கண்ணுக்கு எது லட்சணமாகப் பட்டதோ அதை வாங்கிவருவார்கள். இரண்டு வருஷம் கழித்து அது உடைந்ததும் அவருக்குத்தான் போன் வரும். 'நான் அப்பவே சொன்னேன்லா' என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. "எந்தப் பக்கத்துக் கீலு?" என்று மட்டும் கேட்டு, பழைய நோட்டைத் தேடி எடுத்து, உரிய கட்டத்தில் சின்னதாக ஒரு சிலுவைக்குறி போடுவார்.

இத்தனைக்கும் அவர் வீட்டில் லேப்டாப் கிடையாது. எதுவுமே லேசில் வந்ததில்லை அந்த வீட்டுக்கு. குளிர்சாதனப் பெட்டி வாங்குவது என்று அவர்கள் முடிவெடுத்ததற்கும் அது வாசலில் வந்து இறங்கியதற்கும் இடையில் எங்கள் வீட்டுப் பெட்டியில் மதினியின் தோசைமாவுக்கென்று நிரந்தரமாக ஒரு தட்டு ஒதுக்கப்பட்டிருந்தது. மதினி என்று நான் சொல்வது அண்ணாச்சியின் மனைவியை. அச்சன்புதூர்க்காரி. அவருக்குப் பெண் பார்த்த கதையை மதினி சொல்லிக் கேட்க வேண்டும். பதினோரு வீட்டில் பஜ்ஜி தின்றுவிட்டு, பதினோரு வீட்டுக்கும் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் அவர் அம்மா, பஜ்ஜி சாப்பிட்டு வயிறு கெட்ட கோபத்தில், பன்னிரண்டாவது வீட்டில் அங்கேயே தட்டு மாற்றிவிட்டார்களாம்.

"என்னையப் பத்தியும் ஒரு நோட்டு இருக்கும் தம்பி. எங்கன ஒளிச்சு வச்சிருக்காகன்னுதான் தெரியல" என்பாள் மதினி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதிலும், எந்த டாக்டரிடம் காட்டுவது என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்ததில் வருஷம் ஓடிவிட்டதாக அவளே ஒருமுறை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சில் சிரிப்பு இருக்கவில்லை.

எனக்கு இதெல்லாம் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். நான் கடைக்குப் போனால் கடைக்காரர் முகம் வாடக்கூடாதே என்று எதையாவது வாங்கிக்கொண்டு வருகிற ஜாதி. அவரைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு நகைச்சுவைக் கட்டுரைகூட எழுதினேன். அவரும் படித்தார். மூன்று எழுத்துப்பிழைகளைக் குறித்துக் கொடுத்தார்.

எனக்கு ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. முகவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. அதாவது, முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டில் போய் உட்கார்ந்து, காபி ஆறுவதற்குள் அவருடைய மரணத்தைப் பற்றிப் பேச்செடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறேன். முதலில் அவருக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், சரியான இடம் பார்த்துத் திரும்புங்கள் என்பேன். இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.

அந்த வருஷம் சீசன் முன்னதாகவே வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் அவரும் என் காரில் குற்றாலம் போனோம். வழியிலேயே தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டாயிற்று. மெயின் அருவியில் வழுக்கல் என்றார். ஐந்தருவிக்குப் போனோம். ஆள் கூட்டம் என்றார். பழைய குற்றாலம் போனோம். அங்கே தண்ணீர் ஒரு பக்கமாக விழுவதாக அவருக்குப் பட்டது. திரும்ப மெயின் அருவிக்கு வந்தபோது மலையில் மழை கொட்டி, தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் விசில் ஊதிக் குளிக்க வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்த தலையோடு காய்ந்து திரும்பியவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். அதை அவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால், ஒரு நேந்திரம் சிப்ஸ் கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். வலது கை இடது தோளைப் பிடித்திருந்தது. சாரலில் நனைந்த முகத்தில் வியர்வையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

"எண்ணெ வாடை வே. ஒமட்டுது" என்றார்.

தென்காசியில் டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். அங்கே இரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு. ஒன்று பெரியது. உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாம், படுத்த மேனிக்கே இருங்கள் என்றார் டாக்டர்.

"இது எதுல ஃபெயில் ஆகும் டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார் அண்ணாச்சி.

டாக்டர் நேர்மையானவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி யோசித்துச் சொல்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் படத்தோடும் ஃபைலோடும் பஸ் ஏறி வந்துவிட்டார். மறுநாள் லேப்டாப் நோட்டிலேயே புதுப் பக்கம் ஒன்றை எடுத்தார்.

மேலே திருநெல்வேலி, மதுரை, செங்கோட்டை வழியாகப் போனால் திருவனந்தபுரம். கீழே குறைகள். அதற்கும் கீழே ஸ்டென்ட்டில் எத்தனை வகை, எது எத்தனை நாளில் மறுபடி அடைக்கும் என்று தனியாக ஒரு கட்டம். கரைந்துபோகிற மாதிரி ஒன்று வரப்போகிறதாம், அதுவரை மாத்திரையில் ஓட்டலாம் என்று என்னிடம் சொன்னார். மூன்று வாரம் ஓடியது. வாசலைக் கூட்டித் தெளிக்கும்போது மதினியின் கண் தெருவில் இருக்காது. உள்ளே அவர் இருமுகிறாரா, நடமாடுகிறாரா என்று கேட்டுக்கொண்டே வாரியலை ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"தம்பி, ஒரு வார்த்த நீங்க சொல்லணும். நான் சொன்னா அது அடுக்களப் பேச்சு. டாக்டர் சொன்னா, அவரு யாவாரம் பண்ணுதாருங்காக. நீங்க சொன்னா கேப்பாக. உங்க சோலியே அதானே."

நாளைக் காலையில் வருகிறேன் என்றேன். அவள் போன பிறகு என்ன பேசுவது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். நான் படித்தவன். சாவைப் பற்றி எழுதியவர்களை அலமாரியில் ஒரு வரிசை முழுக்க வைத்திருக்கிறேன். பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்கு வேண்டுமே என்று என் மகளின் விஷயத்தை எடுத்துக்கொண்டேன். அவளுக்குக் கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. லேப்டாப் வாங்க வேண்டும். ரொம்ப விலையும் கூடாது, மட்டமாகவும் கூடாது. படிப்புக்கு என்று சொல்லிவிட்டு, கடைசியில் காற்றோடு காற்றாக, 'கொஞ்சம் கேமும் ஓடணும்ப்பா' என்று சேர்த்திருந்தாள்.

ஞாயிறு காலை பத்து மணி. மதினி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தும் சத்தம் கேட்டது. தன் முன்னால் அவர் பணிய மாட்டார் என்று நினைத்திருப்பாள். புறவாசல் கதவைச் சாத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

நான் மகள் கதையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார்.

"பாப்பா ஹாஸ்டல்ல மேசைல வச்சுப் படிக்குமா, கட்டில்ல வச்சா?"

கட்டிலில்தான் என்றேன்.

"அப்ப அடியில காத்து இழுக்குறது ஆகாது. போர்வை அடச்சுக்கிடும். சூடு ஏறி ஒரே வருஷத்துல போயிரும். பக்கவாட்டுல ஓட்டை உள்ளதாப் பாப்போம்" என்றார். என்ன விளையாட்டு என்று கேட்டார். கார் ஓட்டுகிறதும் சுடுகிறதும் என்றேன். சுடுகிறது என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும், ஆனால் ரொம்பப் பெரியதாகப் போனால் எடை கூடும், பேட்டரி நிற்காது, வகுப்புக்குத் தூக்கிப்போக மாட்டாள் என்றார். சின்னதாக ஒரு கார்டு போதும். மெமரி பதினாறு இருக்கட்டும், பின்னால் கூட்டிக்கொள்ள ஓர் இடம் காலியாக இருக்கட்டும். பழுது பார்க்கும் இடம் கோயம்புத்தூரிலும் இருக்க வேண்டும், திருநெல்வேலியிலும் இருக்க வேண்டும், லீவில் வரும்போது கெட்டால் என்ன செய்வாள் என்றார். எனக்குத் தோன்றாத கேள்விகள். நோட்டில் பழைய பக்கத்தைப் புரட்டி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மூன்று வாரமாகச் சாம்பல் பூத்திருந்த முகத்தில் நிறம் ஏறியதைப் பார்த்தேன். பாவம், சந்தோஷமாக இருக்கிறார், இந்த மாடல் முடியட்டும், பிறகு திரும்பலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த மாடலும் முடியட்டும் என்று நினைத்தேன். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அதை மறைப்பதில் இப்போது பயன் இல்லை.

மதினி இரண்டாவது காபியோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. தட்டில் இரண்டு துண்டு மைசூர்பாகும் இருந்தது. சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

கடைசியில் மூன்று மாடல் மிஞ்சியது. ஆடித் தள்ளுபடி வரட்டும், அதற்குள் புது ரகம் ஒன்று இறங்குகிறது, அதையும் பார்த்துவிடலாம் என்றார்.

"சரி அண்ணாச்சி. அவசரமில்ல" என்றேன்.

அவர் நோட்டை மூடவில்லை. பக்கத்தைத் திருப்பினார். ஆஸ்பத்திரிகளின் பக்கம். அதில் ஒன்றைக் கவனித்தேன். கட்டம் கோணலாக இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கோடு இழுத்த கை அது. அந்தப் பக்கத்தில் ஒரு கோடுகூட நேராக இல்லை. சில இடங்களில் அழித்து மறுபடி இழுத்து, அப்போதும் அலையடித்திருந்தது. அவருக்குப் பயம் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவில்லை.

"இதுல நீரு என்ன வே சொல்லுதீரு?" என்றார்.

அவர் யாரிடமும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டு நான் பார்த்ததில்லை. பென்சிலை நோட்டின் மேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கே போவோம், நான் காரை எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். ஒத்திகை பார்த்த வாக்கியமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் நம் பக்கத்தில் மூத்தவர் ஒருவர், அதுவும் எல்லாம் தெரிந்தவர், கேட்டால் சொல்வதற்கென்று பழகிய பதில் ஒன்று இருக்கிறது. நாக்கு அதை எடுத்து வைத்துவிட்டது.

"நீங்க பாக்காததா அண்ணாச்சி."

மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, "அதுஞ்சரிதான்" என்று சொல்லிப் பென்சிலை எடுத்துக்கொண்டார். நான் மைசூர்பாகைத் தின்றுவிட்டு எழுந்து வந்தேன்.

அதிலிருந்து ஒன்பதாவது நாள் பதினோரு மணிக்கு அலுவலகத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். அந்தப் புது ரகம் பஜாரில் மாடிக் கடை ஒன்றில் வந்து இறங்கியிருக்கிறதாம், எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாராம். வெயில் தாழப் போகலாமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிரே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரி அண்ணாச்சி, பாருங்க என்று வைத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு. பேசியது கடைப் பையன். கடைசியாகப் பேசிய நம்பர் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறான். செங்குத்தான படி அந்தக் கடைக்கு. ஏறி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியை எடு தம்பி என்றிருக்கிறார். பிறகு, கொஞ்சம் தண்ணி குடு என்றிருக்கிறார். அவன் தண்ணீர் கொண்டுவந்தபோது தலை சாய்ந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள், ஏற்றியதில் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாடியில் மேசைமேல் அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. பையன் என்னிடம் அவருடைய நோட்டைக் கொடுத்தான். வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

என் மகள் அடுத்த வாரம் மிஞ்சிய மூன்றில் ஒன்றை ஆன்லைனில் பத்து நிமிஷத்தில் வாங்கிவிட்டாள். இன்றுவரை அதில் ஒரு குறையும் இல்லை. சூடாவதில்லை. கேமும் ஓடுகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மதினியைக் கூட்டிப்போக அச்சன்புதூரிலிருந்து அவள் தம்பி கார் கொண்டுவந்திருந்தார். சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மதினி என்னை உள்ளே கூப்பிட்டாள். லேப்டாப் கடைக்குப் போனார் என்கிறார்களே, யாருக்காகப் போனார் என்று தனக்குத் தெரியவில்லை, அவர் எதையும் வாங்குகிற ஆளே இல்லையே என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக அவள் அதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு.

"தம்பி, அன்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்துச் சொன்னீகளே. கடைசில என்ன சொன்னாக? வாரேன்னு சொன்னாகளா, மாட்டேன்னுட்டாகளா?"

அழுது வற்றிய கண்கள். பதில் எதுவாக இருந்தாலும் அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லும் துணிச்சல் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. அதற்கு அன்றைக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"சரின்னுட்டாங்க மதினி. அடுத்த வாரம் போயிருவோம், காரை எடும்னு சொன்னாங்க."

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தபோது முகம் வேறாக இருந்தது.

"அப்ப ஒரு காரியத்துலயாவது முடிவெடுத்துட்டுத்தான் போயிருக்காக" என்றாள்.

வாசலுக்கு வந்து, காரில் ஏறும் முன் அதைத் தன் தம்பியிடம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னாள். இந்தத் தம்பி பேசித்தான் அவுக சம்மதிச்சாக, நாளுதான் இல்லாமப் போச்சு என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போது எங்கள் தெருவில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த அண்ணாச்சியையே சம்மதிக்க வைத்தவராயிற்றே என்கிறார்கள். போகிறேன். காபி கொண்டுவருகிறார்கள், பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறார்கள், ஊர்க்கதை ஆரம்பிக்கிறார்கள். நான் எதற்கும் பதில் சொல்வதில்லை. என்றைக்குப் புறப்படலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.